ஒரே வாய் கொண்ட இரண்டு ஒயர்கள்

அண்ணி,

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. மாடி அறையிலிருந்த கம்ப்யூட்டர் மேசையைச் சுவரை விட்டு நகர்த்தினேன். பின்னால் விழுந்து கிடந்த ஒயர்களைத் தூசியோடு வாரி எடுத்தபோது, பிரிண்டருக்குப் போகிற ஒயரின் நுனியில் ஒரு சின்னத் தோல் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஷூவுக்கு உட்புறம் வைக்கிற கறுப்பு லைனிங் தோல். அதில் ஓட்டை போட்டு, ஷூ தைக்கிற நைலான் நூலால் கட்டி, சில்வர் பேனாவால் ‘பிரண்டர்’ என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு என் கத்தரிக்கோலுக்கும் அதற்குப் பிறகு என் கண்ணுக்கும் தப்பியது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

பெயிண்டர் மேசையை இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இனி எழுதத்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஆம்பூரில் எல்லா ஷூ கம்பெனிகளும் மூடிக் கிடந்தன. நீங்கள் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங்கில் இருந்தவர். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் பிசகிய இடத்தில் சில்வர் பேனாவால் குறி போட்டுத் திருப்பி அனுப்புகிற வேலை. கையில் வேலை இல்லாமல் உங்களை நான் பார்த்தது அப்போதுதான். தோல் பதனிடும் டேனரியில் அண்ணனுக்கும் வேலை இல்லை. எனக்கு மட்டும் வேலை இருந்தது. நான் இன்னொரு கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கிறவன். வீட்டிலிருந்தே செய் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து மாடியில் வைத்தேன். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் கம்ப்யூட்டர் சயன்ஸ். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டி ஓடவைத்தேன். ஓடினால் போதும் என்று விட்டுவிட்டேன். மேசைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஒயர்களும் குவிந்து கிடந்தன.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். குனிய முடியாது என்று நீங்கள்தான் கீழ்வீட்டிலிருந்து வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போவீர்கள். ஒருநாள் துடைப்பத்தைப் பிடித்தபடி மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

“தம்பி, இதுல எது எங்க போவுது?”

“அது உங்களுக்கு இன்னாத்துக்கு அண்ணி? கை வெக்காதீங்க, ஷாக் அடிக்கும்.”

“கை வெக்கலப்பா. கரண்டு பொட்டி தரையில கெடக்குது. நாம தண்ணி போட்டுத் தொடைக்கிறோம். அதான் கேட்டேன்.”

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய விஷயம். மறுநாள் நீங்களே எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னீர்கள். நான் அவசர அவசரமாகச் சொன்னேன். நீங்கள் அவசரப்படவில்லை. ஒரு முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒயரைத் தடவியபடியே மறுமுனை வரைக்கும் போனீர்கள்.

“இழுத்துப் பாத்தா வேற ஏதாச்சும் புடுங்கிக்கும். தடவிக்கினே போனா அதுவே கொண்டுபோய் வுட்டுடும்” என்றீர்கள்.

நீலத் தலையும் இரண்டு பக்கமும் திருகும் இருந்தது திரைக்கு. சதுர மூக்கு இருந்தது பிரிண்டருக்கு. உள்ளே போனதும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்கிறது இன்டர்நெட்டுக்கு. திரை ஒரு மாசமாக அவ்வப்போது சிமிட்டிக்கொண்டிருந்தது; நான் ஏதேதோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்திருந்தேன். நீங்கள் நீலத் தலையைத் தொட்டுப் பார்த்து, ஒரு பக்கத் திருகு முடுக்கப்படவே இல்லை என்று காட்டினீர்கள். முடுக்கியதும் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“வலது கால் ஷூவுல இடது கால் போவாது தம்பி. இதுவும் அப்படித்தான். வாய் பாத்துப் போட்டா தப்பு வராது” என்று சொல்லிவிட்டு இரண்டு அடாப்டர்களைக் கையில் எடுத்தீர்கள். ஒன்று திரைக்கு, இன்னொன்று தனியாக வைத்திருந்த பெரிய ஹார்டு டிஸ்குக்கு. இரண்டின் முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். “ஆனா இந்த ரெண்டுக்கும் வாய் ஒண்ணா இருக்குது. இதுதான் பேஜாரு.” அடாப்டர்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தீர்கள். ஒன்றில் பத்தொன்பது வோல்ட், மற்றதில் பன்னிரண்டு. “இது ஜாஸ்தி, அது கம்மி. மாத்திப் போட்டா?”

“யாரும் மாத்திப் போட மாட்டாங்க அண்ணி” என்றேன்.

இரண்டு நாளில் அந்த மேசையின் அடிப்பக்கமே மாறிவிட்டது. கரண்டு பெட்டி மேசைக்காலில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் திருகப்பட்டிருந்தது. கரண்டு ஒயர்கள் ஒரு கட்டு, மற்ற ஒயர்கள் வேறு கட்டு. எதற்கும் போகாமல் சும்மா கிடந்த மூன்று ஒயர்கள் பையில் போட்டு ஆணியில் மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரு தோல் சீட்டு. அந்த இரண்டு அடாப்டர்களின் சீட்டில் மட்டும் வோல்ட் எண்ணும் சேர்ந்திருந்தது: ‘தெரை 19’, ‘டிஸ்க் 12’.

அதன்பிறகு கம்ப்யூட்டரைப் போட உங்களுக்கு நான் தேவைப்படவில்லை. உங்கள் மகள் மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலே வந்து, மோடத்தில் நாலு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பெரிய திரையில் அவளைக் கூப்பிடுவீர்கள். உங்கள் கண்ணுக்குப் போனில் அவள் முகம் சரியாகத் தெரியாது. “இதுலதான் அவ இளைச்சிருக்கறது தெரியுது” என்பீர்கள்.

அந்த டிஸ்கில் எங்கள் அப்பாவும் இருந்தார். யாரோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த வீடியோவிலிருந்து வெட்டிய நாலு நிமிஷம். அப்பா பந்தியில் உட்கார்ந்து யாரையோ கிண்டல் செய்து சிரிக்கிறார், பாயசத்தை இன்னும் ஊற்றச் சொல்கிறார். அப்பா பேசி எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். மூல சிடி எப்போதோ கெட்டுவிட்டது. அண்ணன் அதிகம் பேசாத மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். மாசத்துக்கு ஒருமுறையாவது மேலே வந்து, “அத போடுடா” என்பார். பார்த்துவிட்டு இறங்கிப் போவார்.

மறு வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. மேலதிகாரி குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். மாடி அறையில் உட்கார்ந்தவர் கால் நீட்டும்போது மேசைக்கு அடியில் பார்த்தார்.

“இன்னாப்பா இது, கம்பெனிய வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியா?” என்று சிரித்தார்.

எனக்கு முகம் எரிந்தது. “எங்க அண்ணி வேலை சார். படிக்காதவங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஏதோ கட்டி வெச்சிருக்காங்க” என்றேன்.

திரும்பினால் நீங்கள் டீத் தட்டோடு வாசலில் நின்றீர்கள். தட்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள். “சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன் சார், வேணும்னா சொல்லுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். பத்தாவது வரைக்கும் நன்றாகப் படித்தவர் நீங்கள். அதற்குமேல் படிக்க விடாததைச் சொல்லி வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

அவர் போனதும் கத்தரிக்கோலை எடுத்து எல்லாச் சீட்டுகளையும் வெட்டினேன். அடுத்த நாளிலிருந்து நீங்கள் அறையைப் பெருக்கினீர்கள், மேசைப் பக்கம் போகவில்லை. அதை நான் கவனித்தேன். நிம்மதியாக இருந்தது என்றுகூட நினைத்தேன்.

ஒரு மாசம் கழித்து, குழந்தைக்குத் தொட்டில் கட்ட இடம் வேண்டுமென்று மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் பிடுங்கி, நானே திரும்ப மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் திரை வரவில்லை. ‘டப்’ என்று மெல்லிய சத்தம். கருகின வாடை. குனிந்து பார்த்தேன். இரண்டு அடாப்டர்களையும் மாற்றிப் போட்டிருந்தேன். பதறிப்போய் சரியாக மாட்டினேன். திரை வந்துவிட்டது. டிஸ்க் வரவில்லை. பலமுறை பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். அது சுற்றவே இல்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் நினைவு நாள். சாயங்காலம் படைத்து முடித்து, அண்ணன் மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்கள் வடைத் தட்டோடு பின்னால் வந்தீர்கள். என் மனைவியும் குழந்தையோடு நின்றாள்.

“அத போடுடா.”

“டிஸ்க் ஓடலண்ணா.”

“போன வாரம் ஓடிச்சே. யாரு கை வெச்சா?”

‘நான்தான் மாத்திப் போட்டுட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் படிப்புக்காக டேனரியில் இரண்டு ஷிப்ட் பார்த்தவர் அவர். அவர் முன்னால், இது கூடத் தெரியாதவனாக நிற்க என்னால் முடியவில்லை.

“அண்ணிதான் ரெண்டு நாள் முன்னாடி பெருக்கும்போது ஒயரையெல்லாம் கழட்டி மாட்டினாங்க” என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தீர்கள். சீட்டில்லாத அந்த இரண்டு அடாப்டர்களையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

“உனக்கு இன்னாடி வேலை அங்க? படிச்சவன் வேலையப் படிச்சவன் பாத்துக்க மாட்டானா? எங்கப்பாவ ஒழிச்சிட்டியே” என்றார் அண்ணன். அப்படி அவர் உங்களிடம் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

“தெரியாம நடந்து போச்சி. வுடுங்க” என்றீர்கள். வடைத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். ‘தெரியாமல் நடந்தது’ என்று நீங்கள் சொன்னது யாரைப் பற்றி என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது.

வேலூரில் டிஸ்க் பழுது பார்க்கிற கடைக்கு அண்ணனும் நானும் பைக்கில் போனோம். அண்ணன் வெளியே டீக்கடையில் நின்றார். கடைக்காரர் பிரித்துப் பார்த்ததுமே கேட்டார்: “ஜாஸ்தி வோல்ட் ஏறியிருக்கு சார். வேற அடாப்டர் போட்டீங்களா?”

“தெரியலப்பா.”

“போர்டுதான் போயிருக்கு. உள்ள இருக்கற தட்டு நல்லா இருக்கலாம். சென்னைல குடுத்தா எடுத்துத் தரப் பாப்பாங்க. ஆனா இன்னா மாட்டுனீங்கன்னு கரெக்டா சொல்லணும்.”

வெளியே வந்து அண்ணனிடம், “ஒண்ணும் பண்ண முடியாதாம்” என்றேன். சரிசெய்யப் போனால் எப்படிக் கெட்டது என்ற கேள்வி வரும். அதற்காக அப்பாவை அலமாரியில் ஒரு துணிப்பையில் போட்டு மூடினேன். முதல் பொய் வாய் தவறி வந்தது என்று யாராவது சொல்லலாம். இந்த இரண்டாவது பொய்யை யோசித்துச் சொன்னேன்.

அண்ணன் உங்களிடம் பேசுவதை நிறுத்தினார். சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். கீழ்வீட்டில் உங்கள் குரல் மட்டும் கேட்கும், பதில் கேட்காது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வருவதை விட்டுவிட்டீர்கள். ஒருமுறை படியிறங்கும்போது பார்த்தேன். வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, “இளைச்சிட்டியா? தெரியலையேடி, நீயே சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். “மேல வந்து பெருசுல பேசுங்க அண்ணி” என்றேன். “வேணாம் தம்பி, இதுவே போதும்” என்றீர்கள். கோபம் இல்லாத குரல். அது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது ஊரடங்கும் முடிந்து கம்பெனி திறந்தது, நீங்கள் வேலைக்குப் போனீர்கள். அண்ணனும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். விஷயம் முடிந்துபோனது என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அண்ணனுக்கு லீவு கிடைக்காத நாட்களில் நான் கூட வந்தேன். ஒரு மதியம் பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கிவிட்டார். மெஷினிலிருந்து உங்கள் கைக்கு வருகிற குழாய்களை நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

“செவப்பு கிளிப்பு போறது, நீலம் வர்றது. அடையாளம் போட்டு வெச்சிருக்காங்க பாரு தம்பி” என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏதாச்சும் சொல்லணுமாப்பா?” என்று கேட்டீர்கள்.

அதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது.

“டீ வாங்கிட்டு வரட்டுமா அண்ணி?” என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். “எனக்குத் தண்ணி கம்மியாத்தான் குடிக்கச் சொல்லியிருக்காங்க. நீ போய்க் குடிச்சிட்டு வா.”

நான் போனேன். கேன்டீனில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆடி மாசமே நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் மகள் மாடிக்கு வந்தாள். டிக்கெட்டை அச்செடுக்க வேண்டும் என்றாள். பிரிண்டர் ஓடவில்லை. அவள் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். டிஸ்கைக் கெடுத்தது நான், பொய் சொன்னது நான் என்று.

அவள் நிமிரவில்லை. “தெரியும் சித்தப்பா” என்றாள். “அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. ரெண்டுத்துக்கும் வாய் ஒண்ணு, சீட்ட வேற எடுத்துட்டாரு, மாத்திப் போட்டிருப்பாருன்னு.”

“அப்புறம் ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?”

“நானும் சண்டை போட்டேன். ‘அவுரா வந்து சொல்லட்டும், வந்து சொல்லுவாரு’ன்னாங்க. நான் ஒவ்வொரு வாரமும் கேப்பேன், சொன்னாரான்னு. ‘இன்னும் இல்ல’ம்பாங்க. அப்புறம் நான் கேக்கறத வுட்டுட்டேன். அவங்க எதிர்பாக்கறத வுடல.”

நாலு வருஷம், அண்ணி. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் நீங்கள் என்மேல் நம்பிக்கையோடு இருந்திருக்கிறீர்கள். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால், அண்ணனிடம் காட்டிக் கொடுத்திருந்தால், எனக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

அன்றைக்கே கீழே இறங்கி அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“ஏழு மாசம் அவகிட்ட பேசலடா நான்” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

டிஸ்கைச் சென்னைக்குக் கொண்டுபோனேன். என்ன மாட்டினேன் என்று சரியாகச் சொன்னேன். பதினைந்து நாளில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. அப்பா பந்தியில் சிரிக்கிறார், பாயசம் கேட்கிறார். முன்பு எத்தனையோ தடவை பார்த்தும் கவனிக்காத ஒன்றை இப்போது கவனித்தேன். பாயச வாளியோடு வந்து அவருக்கு ஊற்றுகிற கை உங்களுடையது. முகம் தெரியவில்லை. “போதுமா மாமா?” என்ற உங்கள் குரல் கேட்கிறது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “எனக்கு வேணாம்” என்றார். “அவ இருந்தப்பவே எடுத்துட்டுப் போயிருக்கலாமேடா.” இன்றுவரை அவர் மேலே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

போன மாசம் ஆபீஸில் ஒரு சரக்குக்கான பத்திரத்தில் பெட்டிகளின் எண்ணிக்கை தப்பாகப் போய், துறைமுகத்தில் லாரி இரண்டு நாள் நின்றுவிட்டது. மேலதிகாரி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் செய்தது என்று கேட்டார். தட்டச்சு செய்தது ஒரு புதுப் பெண். ஆனால் அவளுக்கு நான் கொடுத்த தாளிலேயே தப்பு இருந்தது. அந்தப் பெண் பயந்துபோய் நின்றாள்.

“நான்தான் சார். நான் குடுத்த நம்பரே தப்பு” என்றேன்.

அவர் கொஞ்சம் திட்டினார். “இனிமே பாத்து செய்யுப்பா” என்றார். எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அண்ணி, நாலு வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.